இரண்டு பல் தள்ளி

மேற்படியார் தொட்டால் ஓடுகிற வண்டியும் படுத்துவிடும் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். அவர் எந்த வண்டியையும் தொட்டதே இல்லை. காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிற சர்வேயர் அவர். நசுங்கின வண்டி, எரிந்த வண்டி, வாய்க்காலில் விழுந்து மூன்றாம் நாள் எடுத்த வண்டி, எதுவானாலும் சட்டை அழுக்காகாத தூரத்தில் நின்று, வயிற்றை ஒருமுறை உள்ளே இழுத்துக்கொண்டு, செல்போனில் போட்டோ எடுப்பார். பிறகு 'மேற்படி வாகனம்' என்று தொடங்கி நாலு பக்கம். இருபத்தாறு வருஷமாக எழுதி எழுதி அந்த வார்த்தை கையிலிருந்து வாய்க்கு ஏறிவிட்டது. வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தால்கூட, "மேற்படி தம்ளர் முற்றிலும் சேதம். காரணம், கையாண்டவரின் கவனக்குறைவு" என்று மனைவியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் சாப்பிடுவார். தெரு அவருக்குப் பெயர் வைத்தது அப்படித்தான். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் பட்டம் என்றே எடுத்துக்கொண்டிருப்பார்.

அவருடைய சகலை டிரைவர். அக்காளைக் கட்டினவர் சர்வேயர், தங்கச்சியைக் கட்டினவன் டிரைவர். ஒருத்தர் 'அவர்', இன்னொருத்தன் 'அவன்' என்பது மாமனார் வீட்டில் கல்யாணப் பந்தியிலேயே முடிவான விஷயம். டிரைவர் குடியிருந்த வீட்டைச் சாலை அகலப்படுத்த இடித்தபோது, "ஒரு மாசம் நம்ம பின்பக்க ரூம்ல இருந்துக்குங்க தம்பி" என்றார் மேற்படியார். அந்த ஒரு மாசம் நாலு வருஷமாக இன்னும் முடியவில்லை. பழைய அறிக்கைக் கட்டுகள் கிடந்த அறை அது. கட்டுகளை எடுக்கவில்லை, ஓரமாக நகர்த்திவைத்தார்கள். நாலு வருஷமாக டிரைவரும் அவன் மனைவியும் செத்த வண்டிகளின் கதைகளுக்குப் பக்கத்தில் தலைவைத்துப் படுத்தார்கள். வாடகை கேட்டதில்லை அவர். கேட்டிருந்தால் தேவலை. கேட்காததால் கேட்டைத் திறப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, அவருடைய காரைப் போர்த்தியிருக்கும் துணியை ஞாயிற்றுக்கிழமை தட்டிப் போடுவது எல்லாம் டிரைவர் தலையில் தானாக வந்து உட்கார்ந்தன. அந்தக் கார் வருஷத்துக்கு நாலு தடவை வெளியே போகும். மேற்படியாருக்கு ஓட்டத் தெரியும். ஆனால் எல்லா வண்டியும் எப்படிச் சாகிறது என்று தெரிந்தவர் ஆகையால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை வேர்க்கும்.

விடிவு வந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து. சிறுநீரக நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து, ரத்தம் சுத்தம் செய்தபின் திரும்பக் கொண்டுபோய்விட வாரம் ஆறு நாளும் ஒரு கார் வேண்டும். சொந்த வண்டியோடு வருகிற டிரைவருக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, தனி வாசல், தனிக் குழாய். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வேலை விசாரிக்கப் போன அன்றே, அங்கே வண்டிகளுக்குப் பொறுப்பான அதிகாரி டிரைவரின் காரைச் சுற்றிவந்து, மீட்டரைப் பார்த்து, ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "டைமிங் பெல்ட் மாத்துற கிலோமீட்டர் தாண்டிடுச்சு. நோயாளிய வச்சுக்கிட்டு நடுரோட்டுல அறுந்தா நான் பதில் சொல்ல முடியாது. மாத்திட்டு, லைசென்ஸ் உள்ள சர்வேயர் ஒருத்தர்கிட்ட சான்றிதழ் வாங்கிட்டு வாங்க." கொஞ்சம் நிறுத்தி, சிரித்து, "உங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்காராமே!" என்றார்.

அன்று மாலையே டிரைவரின் மனைவி அட்டைப்பெட்டி தேடக் கிளம்பிவிட்டாள். பதினோரு பெட்டி சேர்ந்தது. நீலநிற நைலான் கயிறு ஒரு சுருள் வாங்கிவந்து ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டினாள். "சும்மா ஒரு சுத்து போதாதா?" என்று கேட்டான். "நடுவுல அவிழ்ந்து திரும்ப இங்கயே கொட்டிடக் கூடாதுங்க" என்றாள். முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

சான்றிதழ் கேட்டபோது மேற்படியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு ஆளை நிற்கவைக்க வேண்டுமானால் அவர் கண்ணாடியைத் துடைப்பார்.

"கையெழுத்துதானே? போட்டுடலாம். ஆனா தம்பி, என் கையெழுத்துக்கு ஒரு பேர் இருக்கு. என் கண்ணு முன்னாடி மாத்தினாத்தான் போடுவேன்."

"மெக்கானிக் ஷெட்டுல ஒரு மணி நேரம் வந்து நின்னீங்கன்னா..."

"ஷெட்டா? ஷெட்டுல நடக்கிற கூத்தெல்லாம் எழுதி எழுதித்தான் எனக்கு முடி கொட்டிச்சு. இங்கயே, நம்ம வாசல்லயே மாத்துங்க. நான் வழி சொல்றேன். ஆயிரம் இஞ்சினோட சாவைப் பாத்தவன்யா நான்."

மெக்கானிக்கிடம் ஓடினான். அவர் பேச்சுக்குச் செலவு செய்யாத ஆள். கையிலிருந்த கார்பரேட்டரை வைக்காமலே தலையை ஆட்டினார்.

"அந்தாளு நிக்கிற இடத்துல நான் ஸ்பேனரைத் தொட மாட்டேன். என் ஷெட்டைப் பத்தி எழுதின நாலு பக்கம் இன்னும் இருக்கு. நீயே மாட்டு. எங்கூட மூணு தடவை மாட்டியிருக்கல்ல?"

"மாட்டியிருக்கேன். ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. ஒண்ணே ஒண்ணு. மாட்டின பிறகு கையால ரெண்டு முழுச்சுத்து சுத்து. நடுவுல எங்கயாவது முட்டி நின்னா அப்படியே விட்டுடு. பலம் காட்டாத. சாவியத் தொடாத. உள்ள பிஸ்டன் போய் வால்வை இடிக்குதுன்னு அர்த்தம். கை சொல்றதைக் கேளு. கை பொய் சொல்லாது."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. காற்று வீசினால் புழுதி, வீசாவிட்டால் புழுக்கம். டிரைவர் முன்பக்க வலது சக்கரத்தைக் கழற்றி, கட்டைமேல் வண்டியை நிறுத்தி, சாக்கை விரித்து மல்லாந்தான். இஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து இன்னொரு ஜாக்கியால் தாங்கல் கொடுத்து, இஞ்சினைப் பிடித்திருக்கும் தாங்கியைக் கழற்றினான். கீழே இருக்கும் புல்லிச் சக்கரத்தின் போல்ட் மட்டும் அசையவில்லை. மனைவி உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ள, ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயைச் சொருகி, பல்லைக் கடித்து, மூன்றாம் இழுப்பில் 'டங்'கென்று விட்டது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தமும் கிரீசும் ஒன்றாக வந்தன.

மேற்படியார் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தபடி மேற்பார்வை செய்தார். ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளைச் சட்டை, பையில் பேனா. கழற்றின ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு காகிதத் துண்டில் எண் எழுதி மனைவியிடம் கொடுத்து ஒட்டச் சொன்னார். அக்காள் போல்டுக்குப் போல்ட் குனிந்து ஒட்டிக்கொண்டே போனாள்.

எதிர்வீட்டு டெய்லர் கழுத்தில் டேப்போடு தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நிழல் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சார், ஆபரேஷனா?"

"மேற்படி வாகனத்துக்கு டைமிங் பெல்ட் மாற்றம்" என்றார் மேற்படியார். "இஞ்சினுக்கு மேல ஒரு சக்கரம், கீழ ஒரு சக்கரம். ரெண்டையும் ஒரு பல்லு வச்ச பெல்ட் சேத்துப் பிடிச்சிருக்கு. ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு விலகணும். ஒண்ணுக்கொண்ணு நேரம் தப்பினா உள்ள இடிச்சுக்கும். இஞ்சின் காலி."

"எங்க வீட்டுலயும் அதே கதைதான் சார். பெல்ட்டுதான் இல்ல" என்றார் டெய்லர்.

டிரைவர் இரண்டு சக்கரத்தின் அடையாளங்களையும் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்தான். மேலே ஒரு கோடு. கீழே பல்லின் முனையில் ஒரு புள்ளி, அதற்கு நேராக இஞ்சின் உடம்பில் ஒரு கோடு. புள்ளியும் கோடும் முத்தமிட்டுக்கொண்டு நின்றன. வெள்ளை மையைத் தொட்டு இரண்டின்மேலும் பொட்டு வைத்தான்.

"நில்லுங்க, நில்லுங்க. போட்டோ எடுக்காம கைய வைக்காதீங்க. இதுதான் சாட்சி" என்று எழுந்தார் மேற்படியார். கீழ்ச்சக்கரம் தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்தில், சக்கரக் குழிக்குள்ளே பதுங்கிக் கிடந்தது. அதை நேராகப் பார்க்க மண்டியிட வேண்டும். அவர் இஸ்திரி மடிப்பு கலையாமல் பக்கவாட்டில் நின்று, கையை மட்டும் கீழே நீட்டி, சாய்வாக இரண்டு படம் பிடித்தார்.

பழைய பெல்ட்டை உருவினதும் டிரைவர் அதைப் பின்பக்கமாக வளைத்துப் பார்த்தான். பல் இடுக்குகளில் மயிரிழைப் பிளவுகள். இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தாங்கியிருக்காது. "பாத்தீங்களா, நான் சொல்லலைன்னா அறுந்திருக்கும்" என்றார் மேற்படியார். அவர் சொல்லவில்லை, ஆஸ்பத்திரி அதிகாரி சொன்னது. டிரைவர் வாயை மூடிக்கொண்டான். நாலு வருஷத்தில் அவனுக்கு நன்றாகப் பழகின வேலை அது.

மத்தியானம் ரொட்டியும் முட்டையும் வந்தன. சாப்பிட்டுவிட்டு மேற்படியார் துணியைக் கொடுத்து, கீழ்ச்சக்கரத்தைப் பளபளவென்று துடைக்கச் சொன்னார். துடைத்த வேகத்தில் சக்கரம் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. பெல்ட் இல்லாதபோது நகரத்தான் செய்யும். டிரைவர் படுத்தபடியே அதைத் திருப்பி, புள்ளியைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஒரு நிமிஷம்" என்றார் மேற்படியார். செல்போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து விரலால் விரித்தார். "தப்பா இருக்கே தம்பி. போட்டோவுல புள்ளி, கோட்டுக்கு இடதுபக்கம் ரெண்டு பல் தள்ளி இருக்கு. நீங்க நேரா வச்சிருக்கீங்க."

"நேராத்தாண்ணே இருக்கணும். நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு சாய்ச்சு எடுத்தீங்க, அதான் தள்ளித் தெரியுது. இங்க வந்து குனிஞ்சு பாருங்க."

டெய்லர் முக்காலியிலிருந்து தலையை நீட்டினார். "வாஸ்தவம் சார். நான் நின்னுக்கிட்டே கால் அளவு எடுத்தா பேண்ட் முழங்காலோட நின்னுடும்."

அக்காள் சிரித்துவிட்டாள். சிரித்தவுடனேயே தப்பு புரிந்து, முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்தாள். மேற்படியார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"தம்பி. கோர்ட்டே என் போட்டோவை ஏத்துக்குது. நீங்க ஏத்துக்க மாட்டீங்க. சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், பதில் சொல்லுங்க. இத்தனை வருஷத்துல நீங்களா ஒரு முடிவு எடுத்து, அது சரியா வந்திருக்கா?"

டிரைவர் காருக்கு அடியில் கிடந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நாலு ஜோடிக் கால்கள்.

"வீடு பாத்தீங்க. இடிச்சாங்க. கம்பெனி வேலைக்குப் போனீங்க. கம்பெனியே மூடிட்டான். சொந்தமா வண்டி வாங்கினீங்க. வாங்கின மறுவாரம் மரம் விழுந்துச்சு. மரத்துக்குக்கூட உங்க முடிவு தெரிஞ்சிருக்கு பாருங்க! இப்ப மேற்படி இஞ்சினையும் நீங்களே முடிவு பண்ணணும்ங்கறீங்க."

டெய்லர் சிரித்தார். அக்காள் இந்தத் தடவை தைரியமாகச் சிரித்தாள். மூன்றாவதாக ஒரு சிரிப்பு வந்தது, சின்னதாக, மூக்கு வழியாக. அது அவன் மனைவி. டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் தலைமாட்டில் குந்தியிருந்தாள். பொல்லாத சிரிப்பு ஒன்றும் இல்லை. இந்த வீட்டில் மேற்படியார் ஒன்று சொன்னால் எல்லோரும் சிரிக்க வேண்டும், அந்த வரிசையில் வந்த சிரிப்பு. நாளைக்கு ஒன்பது மணிவரை எப்படியாவது ஒப்பேற்றிவிட்டால் போதும் என்கிற சிரிப்பு. மரம் விழுந்த அன்று அவனோடு அழுதவளும் அவள்தான்.

அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும், அந்தச் சின்னச் சத்தம் மற்ற இரண்டு சிரிப்பையும் தள்ளிக்கொண்டு காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

"என்னங்க, மாமா சொல்றபடியே மாட்டிடுங்களேன். கையெழுத்து வேணுமில்ல" என்றாள் மெதுவாக.

"மாட்டிடலாம்" என்றான்.

அவன் குரலில் இருந்த பணிவைக் கேட்டு மேற்படியார் குளிர்ந்துபோனார். சக்கரத்தை இடதுபக்கம் இரண்டு பல் நகர்த்தினான். "இப்ப சரியாண்ணே?" "இன்னும் ஒரு நூலு... ஆங், போதும். போட்டோவும் இதுவும் அச்சு அசல்." புதுப் பெல்ட்டைக் கீழிருந்து ஏற்றி, இழுப்பு தளராமல் மேல்சக்கரத்தில் மாட்டி, அழுத்துகிற உருளையை விட்டான். பெல்ட் விண்ணென்று நின்றது. அழகாகத்தான் இருந்தது. எதற்கும் உதவாத அழகு.

இன்னமும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவன் கையில் இரண்டு சுத்து பாக்கி இருந்தது.

"கையால சுத்திப் பாக்கணும்ணே. ரெண்டு சுத்து."

"தெரியும், தெரியும். அதை நானே சொல்லணும்னு இருந்தேன். சுத்துங்க, நான் எண்ணுறேன்."

ராட்செட் ஸ்பேனரை போல்டில் மாட்டினான். ஒரு பக்கம் இழுத்தால் கவ்வும், மறுபக்கம் தள்ளினால் 'கிர்ர்' என்று சும்மா ஓடிவரும் ஸ்பேனர் அது. இழுத்தான். அரைச்சுத்து வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தான். வந்தது. இன்னும் கொஞ்சம்.

முட்டியது.

கல்லில் முட்டுகிற மாதிரி இல்லை. கதவுக்குப் பின்னால் ஆள் நிற்கிறபோது தள்ளினால் முட்டுமே, அப்படி. உள்ளே பிஸ்டன் வந்து வால்வின் நெற்றியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மெக்கானிக் சொன்னபடி கை பொய் சொல்லவில்லை.

இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். "முட்டுதுண்ணே" என்பான். மேற்படியார் ஒரு கணம் விழிப்பார். பிறகு, "அதான் கையால சுத்தச் சொன்னேன்" என்பார். திரும்பக் கழற்றி, நேராக மாட்டி, வண்டி ஓடும், சான்றிதழ் வரும். அதிலே 'எனது நேரடி வழிகாட்டுதலில்' என்று இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை காலாகாலத்துக்கும் மேற்படியார் ஒரு இஞ்சினைக் காப்பாற்றிய கதையாக நிற்கும். மரத்தின் கதைக்கு அடுத்தபடியாக.

சாவியைத் திருப்பினால்? தெரு முழுக்கக் கேட்கும். டெய்லர் முக்காலியிலிருந்து எழுந்திருப்பார். அந்த வெள்ளைச் சட்டையின்மேல் பழி விழும். ஒரே ஒரு தடவை. ஒரு வால்வோ ரெண்டு வால்வோ வளையும், மெக்கானிக் பார்த்துக்கொள்வார், ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் தவணை கேட்கலாம். மனசு ஒன்றை விரும்பிவிட்டால் அதற்கு வக்கீலும் அதுவே, ஜட்ஜும் அதுவே. எதிராளிக்குச் சகுனம் தப்ப வேண்டுமென்று மூக்கை அறுத்துக்கொண்டவனும் அறுக்கிற நேரத்தில் வலிக்காது என்றுதான் நினைத்திருப்பான்.

"என்ன, சுத்துதா?"

டிரைவர் கைப்பிடியைப் பின்னால் தள்ளினான். கிர்ர். முன்னால் கொஞ்சம் இழுத்தான், முட்டின இடம் வரைக்கும். திரும்பத் தள்ளினான். கிர்ர்.

"நல்லா சுத்துதுண்ணே."

"ஒண்ணு..." என்று எண்ணினார் மேற்படியார். கிர்ர். கிர்ர். "ரெண்டு. போதும்! பட்டு மாதிரி இருக்குல்ல?"

"பட்டு மாதிரிதாண்ணே."

டார்ச் வெளிச்சம் அசையவில்லை. சக்கரத்தின்மேல் அவன் வைத்த வெள்ளைப் பொட்டு வெளிச்சத்துக்கு நடுவில் அப்படியே நின்றிருந்தது. அவன் தலையைத் திருப்பி மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாம் திரும்பப் பூட்டினான். எண் ஒட்டின காகிதங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சக்கரத்தை மாட்டி, வண்டியைக் கீழே இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தான். இரண்டு கையாலும் நீட்டினான்.

"நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே. உங்க கையால."

"என்னங்க..." என்றாள் மனைவி.

"சும்மா இரு. அண்ணன்தானே முன்னாடி நின்னு பண்ணினாரு."

இந்த மாதிரி ஒரு மரியாதைக்கு மேற்படியார் பிறந்ததிலிருந்து தயாராக இருந்தவர். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இருக்கையில் ஒரு துணி விரித்து உட்கார்ந்தார். செல்போனை அக்காளிடம் கொடுத்து, "வீடியோ எடு. என் முகமும் வரணும்" என்றார். வயிற்றை உள்ளே இழுத்தார். சாவியைத் திருப்பினார்.

'டட்டக்' என்று ஒரு சத்தம். பாத்திரக்கடை அலமாரி உள்ளுக்குள்ளேயே சரிந்த மாதிரி. அதற்குப் பின் ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் ஒரு பாரமும் இல்லாமல் 'ஊய்ய்' என்று சுற்றியது. அவர் சாவியை விடவில்லை. பயத்தில் இன்னும் அழுத்தித் திருப்பிப் பிடித்திருந்தார். டட்டக், டக். டிரைவர் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான். டெய்லர் எழுந்துவிட்டார். முக்காலி கவிழ்ந்தது.

மேற்படியாரின் முகம் வெளிறி, உதடு ஒருபக்கம் கோணி, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. டிரைவர் பார்த்துவிட்டான். எதற்காக இத்தனையும் செய்தானோ அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டான். அது ஒரு டீ ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றார் மேற்படியார். இறங்கி, பத்தடி தள்ளிப் போய் நின்றார். அங்கே நின்றதும் அவருக்கு மூச்சு வந்தது. அது அவருடைய இடம். செத்த வண்டிக்குப் பத்தடி தள்ளி.

மெக்கானிக் வந்தார், டிரைவருக்காக. சாவியை ஒரே ஒரு தடவை தொட்டார், காதைச் சாய்த்தார், விட்டார். மேல் மூடியைக் கழற்றினார், சக்கரக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கம்ப்ரெஷனே இல்ல, உள்ள காத்து நிக்கல. எல்லா வால்வும் வளைஞ்சிருக்கு. பிஸ்டன்லயும் அடி. ஒரு மாசம் ஆகும், அதுவும் சாமான் கிடைச்சா." டிரைவரைப் பார்த்தார். "ரெண்டு பல் தள்ளி மாட்டியிருக்க."

"அண்ணன்தான் போட்டோவ வச்சு..." என்று ஆரம்பித்தான் டிரைவர்.

இதற்காகத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. மேற்படியார் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஆமா. நான் சொன்னேன். மறுக்கலை. நான் மனுஷன், என் போட்டோவுல தப்பு இருக்கலாம். மெக்கானிக், உங்களையே கேக்கிறேன். நமக்குள்ள ஆயிரம் இருக்கட்டும், தொழில் சத்தியமா சொல்லுங்க. ரெண்டு பல் தள்ளியிருந்தா, கையால சுத்தும்போது தெரியுமா, தெரியாதா?"

மெக்கானிக் மேற்படியாரைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு ஆசைதான். ஆனால் பேச்சுக்கே செலவு செய்யாத ஆள், பொய்க்கு எங்கே போவார்?

"தெரியும். முட்டி நிக்கும். பச்சைக் குழந்தை சுத்தினாலும் நிக்கும்."

"சுத்தினது யாரு?"

"இவர்தான்" என்றார் டெய்லர், கவிழ்ந்த முக்காலியை நிமிர்த்தியபடி. "நானும் இருந்தேனே. நல்லா சுத்துதுன்னாரு. பட்டு மாதிரின்னாரு."

"சுத்துச்சாய்யா?" என்று கேட்டார் மெக்கானிக். சத்தமில்லாமல், அவனுக்கு மட்டும் கேட்கிறபடி.

நிற்கவில்லை என்றால் தொழில் தெரியாதவன். நின்றது என்றால்? தன் வண்டியைத் தானே கொன்றவன். இந்த இரண்டில் ஒன்றைப் பொண்டாட்டி எதிரே சொல்ல வேண்டும்.

"சுத்துச்சு" என்றான்.

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டார். "அப்ப நான் சொல்லிக்கொடுத்ததுலதான் கோளாறு" என்றார். கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

மேற்படியார் அட்டையில் தாளைச் சொருகி, நின்றபடியே எழுதினார். சான்றிதழ் கேட்டவனுக்கு ஏதாவது ஒரு தாள் கொடுக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கிழித்து நீட்டினார். 'மேற்படி வாகனத்தின் இஞ்சின் முற்றிலும் சேதம். காரணம், பரிசோதனையின்போது ஓட்டுநரின் கவனக்குறைவு.' கீழே அந்தப் பேர்பெற்ற கையெழுத்து.

"வருத்தப்படாதீங்க தம்பி. நான் இருக்கேன்ல? எங்கயும் போக வேணாம். பின்பக்க ரூம் இருக்கு. நம்ம கார் சும்மாதானே போர்த்திக் கிடக்கு. நாளையிலேர்ந்து நீங்க ஓட்டுங்க. நானும் எத்தனை நாளைக்குத்தான் ஆட்டோவுல போறது?"

"என் பழைய சட்டையெல்லாம் எடுத்து வைடி" என்று மனைவியிடம் சொன்னார். "வெள்ளைச் சட்டை போட்ட டிரைவர்னா ஒரு மதிப்பு."

பின்பக்க அறையில் டிரைவரின் மனைவி பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நகம் பெயர்ந்திருந்தது. ஒன்பது பெட்டி அவிழ்ந்தாயிற்று. அவன் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"அறுத்துடலாமே. கத்தி எடுத்துட்டு வரட்டா?"

"கயிறு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவன் ஒரு முடிச்சில் கைவைத்தான்.

"விடுங்க. உங்க கை வேணாம்."

இன்னொரு பெட்டியை முழுக்க அவிழ்த்தாள். பிறகு குனிந்தபடியே சொன்னாள்.

"டார்ச்சை நான்தானே பிடிச்சுக்கிட்டிருந்தேன். மாமா எண்ணினப்ப வெள்ளைப் பொட்டு நகரவே இல்ல."

அவன் சுவரோரத்து அறிக்கைக் கட்டுகளைப் பார்த்தான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே நீ."

"சொல்லியிருக்கலாம். ஒரு வேளை உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். உங்க தொழிலாச்சே. சாவிய அவர் கையில குடுக்கிறப்பதான் புரிஞ்சுது." நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஈரம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும். "நான் சிரிச்சதுக்காகவா?"

அவன் அவிழ்ந்து கிடந்த கயிற்றின் முனையை எடுத்து விரலில் சுற்றினான்.

"பதினோரு பெட்டி கட்டினேன். ஒரே ஒரு சிரிப்பு சிரிச்சேன். உங்களுக்கு அந்தச் சிரிப்புதான் பெருசாப் போச்சு."

"உன் அக்கா வீட்டுக்காரன் என்னை..."

"அவரு யாருன்னு எனக்குத் தெரியும். நாலு வருஷமாத் தெரியும். நீங்க யாருன்னுதான் இன்னிக்குத் தெரிஞ்சுது."

கடைசி முடிச்சை அவிழ்த்து, கயிறு முழுவதையும் ஒன்றோடொன்று சேர்த்து முடிந்து, முழங்கையில் சுற்றிச் சுருளாக்கினாள். எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

திங்கட்கிழமை காலை கொல்லையில் நீலநிறத்தில் புதிதாக ஒரு கொடி கட்டியிருந்தது. மேற்படியாரின் பழைய வெள்ளைச் சட்டைகள் அதில் வரிசையாகத் தொங்கின. ஒன்றை மட்டும் ஈரம் காய்வதற்கு முன்பே எடுத்து டிரைவர் போட்டுக்கொண்டிருந்தான். தோளில் பெரிது, வயிற்றில் மிகப் பெரிது. உள்ளே இன்னொரு ஆள் உட்கார இடம் இருந்தது. வாசலில் அவனுடைய கார், துடைத்த பளபளப்போடு, செத்துக் கிடந்தது. அதைக் கையால் தள்ளி ஓரம்கட்டிவிட்டுத்தான் மேற்படியாரின் காரை வெளியே எடுக்க முடிந்தது. டெய்லரும் வந்து ஒரு கை கொடுத்தார்.

பின்கதவைத் திறந்து பிடித்தான். மேற்படியார் ஏறி, மடிப்பு கலையாமல் உட்கார்ந்து, மணி பார்த்தார்.

"ஒன்பது. சரியான நேரம். ஒரு லாரி, ஒரு பஸ், நேருக்கு நேர். முற்றிலும் சேதமாம். போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

டிரைவர் முன்னால் ஏறிச் சாவியைத் திருப்பினான். மாசக்கணக்கில் போர்வைக்குள் கிடந்த இஞ்சின் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் உடனே பிடித்துக்கொண்டது. கண்ணாடியில், வீட்டோரச் சந்து வழியாக, கொல்லைக் கொடி தெரிந்தது. அவள் அடுத்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

மேற்படியார் பின்னாலிருந்து குனிந்து, அவன் தோளில், தன்னுடைய சட்டையின்மேல், ஆதரவாகத் தட்டினார்.

"கேக்குதா தம்பி? சுத்துது பாருங்க. இதுக்குப் பேருதான் சுத்துறது."

"ஆமாண்ணே" என்றான் டிரைவர்.